நீட் ஃபார் ஸ்பீடு: மோஸ்ட் வாண்டடுக்கு அப்புறம் எங்க சறுக்குச்சு? கேம் சென்டருக்கு எதைப் போடலாம்?

மதிலழகு | மன்னார்குடி

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடியில ஒரு சின்ன கேம் சென்டருக்கு நாலு பிசி தயார் பண்றோம். மூணு மெஷின் ஐ3 நாலாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, மானிட்டர் 1366×768. நாலாவதுல மட்டும் ஜிடிஎக்ஸ் 1650. கார் கேம்னாலே பசங்க கேக்குறது "மோஸ்ட் வாண்டட் இருக்கா?"ங்கறதுதான். 2005-ல வந்த கேம் அது. கேக்குறதுல பாதிப் பேரு அதுக்கப்புறம் பொறந்தவங்க.

தெரிஞ்சவங்ககிட்ட மூணு விஷயம் கேக்கணும். அதே சீரிஸ்ல அப்புறம் இத்தனை கேம் வந்தும் ஒண்ணுகூட ஏன் அந்த இடத்தைப் பிடிக்கல? புதுசு எதையாவது காசு குடுத்து வாங்கலாமா? பழசையே போடுறதுன்னா விண்டோஸ் 10-ல என்னென்ன செய்யணும்?

அரசலாறு | கும்பகோணம்

முதல் கேள்விக்கு நான் சொல்றேன். பழைய ஞாபகத்துல பாசம் வச்சிருக்காங்கன்னு சொல்லி முடிச்சுடுவாங்க, அது சரியான பதில் இல்ல. மோஸ்ட் வாண்டட்ல போலீஸ் துரத்தலுக்கு ஒரு விலை இருந்துச்சு. அப்புறம் வந்ததுல அந்த விலையைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டாங்க. சீரிஸ் சறுக்கின இடம் அதுதான்.

அந்த அமைப்பைப் பாருங்க. ஒவ்வொருத்தரா தோக்கடிக்க வேண்டிய ரேஸர் பட்டியல் பிளாக்லிஸ்ட், அதுல 15 பேரு. அடுத்த ஆளுக்குச் சவால் விடணும்னா மூணு கணக்கு முடியணும்: இத்தனை ரேஸ் ஜெயிக்கணும், இத்தனை மைல்ஸ்டோன் முடிக்கணும், இவ்வளவு பவுண்டி (போலீஸை அலைய வச்சதுக்கு உங்க தலைக்கு ஏறுற விலை) சேரணும். மைல்ஸ்டோன்ல பெரும்பாலானது போலீஸ் சம்பந்தப்பட்டது. குறிப்பிட்ட நேரம் பிடிபடாம ஓடுறது, இத்தனை ரோடு பிளாக் தாண்டுறது, ஆணிப்பட்டையில ஏறாம போறது, அரசுக்கு இவ்வளவு ரூபாய் சேதம் வைக்கறது. ரேஸ் மட்டும் ஓடி மேல போகவே முடியாது.

இப்ப எதிர்ப்பக்கம். ஹீட்னா போலீஸ் எவ்வளவு தீவிரமா தேடுதுங்கற அளவு, அது ஒவ்வொரு காருக்கும் தனித்தனி. இந்தக் கார் சூடாயிடுச்சுன்னா இன்னொரு காரை எடுக்கணும், இல்லாட்டி பெயின்ட்டோ பாடியோ மாத்தணும், அப்பத்தான் ஹீட் இறங்கும். பிடிபட்டா அபராதத்தோட அந்தக் காருக்கு ஒரு ஸ்டிரைக். ஸ்டிரைக் நிரம்பினா கார் பறிமுதல். காசைக் கொட்டி ஏத்தின கார் கைவிட்டுப் போகும். அதனால பத்து நிமிஷம் ஓடி, ஹீட் 5-ல கார்வெட் எல்லாம் பின்னால வர்ற நேரம், சேர்ந்த பவுண்டி மொத்தமும் கழுத்துல தொங்கும். போலீஸ் கண்ணுலேருந்து தப்பினதும் வர்ற கூல்டவுன் கோடு ஓடுறப்ப மேப்புல நீல வட்டம் இருக்கற மறைவிடத்துக்குள்ள காரை நிறுத்தி, ஒரு பேட்ரோல் கார் பக்கத்துச் சந்துல திரும்பிப் போறதைப் பார்த்துக்கிட்டு ஆக்சிலேட்டர்ல விரலை வைக்காம உக்காந்திருக்கணும். ஹெட்லைட் வெளிச்சம் சுவத்துல ஓடும், ரேடியோவுல உங்க கார் கலரையும் போன திசையையும் போலீஸே சொல்லிக்கிட்டிருக்கும். இது வெறும் ரேஸ் கேமுக்குக் கிடைக்காத பதட்டம்.

பிளாக்லிஸ்ட் ஆளைத் தோக்கடிச்சா ஆறு சீட்டுல ரெண்டு எடுக்கலாம். மூணு என்னன்னு தெரியும், மூணு மூடியிருக்கும். மூடினதுல அவன் காரே கிடைக்கவும் வாய்ப்புண்டு. அதுவரைக்கும் பட்ட பாட்டுக்கு அந்த ஒரு நிமிஷம் போதும்.

அப்புறம் வந்ததை வரிசையா பாருங்க. கார்பன்ல (2006) போலீஸ் இருக்கு, ஆனா மேல போறது ஏரியா பிடிக்கறதால. துரத்தலுக்கு அங்க வேலையே இல்ல. புரோஸ்ட்ரீட்ல (2007) போலீஸே கிடையாது, ஓப்பன் வேர்ல்டும் கிடையாது. அண்டர்கவர்ல (2008) போலீஸ் திரும்பி வந்துச்சு, ஆனா துரத்தல் பெரும்பாலும் தனி மிஷன். 2012-ல அதே பேரை வச்சு வந்த மோஸ்ட் வாண்டட்ல பெரும்பாலான கார் முதல் நாள்லேருந்தே தெருவுல நிக்குது. ஏறி ஓட்ட வேண்டியதுதான். ஒரு காரை இழக்கற பயம் இல்லாதப்ப போலீஸ் எதுக்கு?

வெண்ணாற்றங்கரை | தஞ்சாவூர்

அரசலாறு அண்ணே, நீங்க சொல்றது விளைவு. காரணம் அதுக்கு முன்னாடியே இருக்கு.

1994-ல 3டிஓங்கற கேம் கன்சோல்ல தொடங்கின சீரிஸ் இது. பிளாக் பாக்ஸ் ஸ்டூடியோ ஹாட் பர்சூட் 2-ல (2002) உள்ள வந்தாங்க. அப்புறம் அண்டர்கிரவுண்ட் 2003, அண்டர்கிரவுண்ட் 2 2004, மோஸ்ட் வாண்டட் 2005, கார்பன் 2006, புரோஸ்ட்ரீட் 2007, அண்டர்கவர் 2008. வருஷம் தவறாம ஒண்ணு. முதல் மூணும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினது, அதனால பலம் கூடிக்கிட்டே போச்சு. அண்டர்கவர் வந்தப்ப ஃபிரேம் ரேட்டே நிக்கல, காலி ரோடுல தடுமாறும். நேரம் குடுக்காம இறக்கினது பார்த்தாலே தெரியும்.

அதுக்கப்புறம் போகத்துக்கு ஒரு குத்தகைக்காரர் மாறின வயல் மாதிரி ஆச்சு. ஷிஃப்ட் (2009) ஸ்லைட்லி மேட் ஸ்டூடியோ கிட்ட. ஹாட் பர்சூட் 2010 கிரைட்டீரியன் ஸ்டூடியோ கிட்ட. தி ரன் (2011) மறுபடி பிளாக் பாக்ஸ், இந்தத் தடவை ஃப்ராஸ்ட்பைட் எஞ்சின்ல. 2012 கிரைட்டீரியன். 2013 ரைவல்ஸ்லேருந்து கோஸ்ட் ஸ்டூடியோ. அதே 2013-ல பிளாக் பாக்ஸையே மூடிட்டாங்க. 2020-ல மறுபடி கிரைட்டீரியன் கையில. ஒரு கேம்ல பழகின கை அடுத்த கேம்ல உதவாது.

அந்தக் கை விஷயத்தை யாரும் பேசறதில்ல. மோஸ்ட் வாண்டட்ல வளைவுக்கு முன்னால பிரேக்கை அமுக்கி, எடை முன்பக்கம் சாயறப்ப ஸ்டியரிங்கைத் திருப்பினா கார் உள்ளே வரும். ஆர்கேடுதான், ஆனா ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபும் லம்போர்கினியும் வேற வேற மாதிரி வளையும். ஹாட் பர்சூட் 2010-லேருந்து பிரேக்கைத் தட்டினா டிரிஃப்ட். கிரைட்டீரியன் முன்னாடி பண்ணின பர்ன்அவுட் கேம் சீரிஸோட பழக்கம் அது. அவங்க அமைச்ச நீளமான வளைவு ரோட்டுக்கு அது அருமையா பொருந்துச்சு. அதையே ஊருக்குள்ள 90 டிகிரி திருப்பத்துல வச்சப்ப எல்லா காரும் ஒரே கார் ஆயிடுச்சு.

ஆழித்தேர் | திருவாரூர்

ரெண்டு பேருமே ரைவல்ஸை ஒரே வரியில தாண்டிட்டீங்க. அரசலாறு சொன்ன அந்த விலை ரைவல்ஸ்ல முழுசா இருக்குது. ரேஸரா ஓடுறப்ப சேர்ற ஸ்பீடு பாயின்ட் எல்லாம் கையிலதான் இருக்கும். ஹைடவுட்டுங்கற மறைவிடத்துக்குள்ள போனாத்தான் அது உங்களுடையது. நடுவுல பிடிபட்டாலோ கார் நொறுங்கினாலோ மொத்தமும் போச்சு. ஹீட் ஏற ஏறப் பெருக்கலும் ஏறும். "இன்னும் ஒரு ரேஸ் ஓடிட்டுப் போகலாமா, இப்பவே உள்ள போயிடலாமா"ங்கற கேள்வி ஒவ்வொரு நிமிஷமும் வரும்.

அதைக் கெடுத்தது பிசி பதிப்பு. நொடிக்கு 30 ஃபிரேம்ல பூட்டி விட்டாங்க. கேமோட கணக்கே 30-ல ஓடுறதால பூட்டை மட்டும் கழட்டினா கேம் ரெண்டு மடங்கு வேகத்துல ஓடும். கணக்கையும் சேர்த்து 60-க்கு மாத்தற லாஞ்ச் கட்டளை அப்புறம் புழக்கத்துக்கு வந்துச்சு, ஆனா மெஷினால 60-ஐப் பிடிக்க முடியலேன்னா எல்லாம் ஸ்லோ மோஷன் ஆயிடும். 2013-ல ஒரு ரேஸ் கேமை இப்படி இறக்கினா எவன் வாங்குவான்?

அதோட நீட் ஃபார் ஸ்பீடு ஹீட்டுங்கற கேமையும் (2019) சேர்த்துப் பேசணும். பகல்ல காசு, ராத்திரில ரெப், அதாவது ரேஸர்ங்கற பேர். ஹீட் ஏறினா ரெப்புக்குப் பெருக்கல், பிடிபட்டா அந்தப் பெருக்கல் போயிடும். ஒரு ராத்திரிக்கு மூணு தடவைதான் பங்க்ல ரிப்பேர். இது நல்ல அமைப்பு.

அரசலாறு | கும்பகோணம்

ஆழித்தேர் சொன்னதை ஏத்துக்கறேன், ரைவல்ஸ்ல அந்த விலை இருக்கு. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அங்க இழக்கறது பாயின்ட். மோஸ்ட் வாண்டட்ல இழக்கறது கார். விக்கிறோமா, பெயின்ட் அடிச்சு வச்சுக்கறோமா, ரெண்டு வாரமா ஏத்தின காரை ஹீட் 5-க்குக் கொண்டு போறோமா இல்ல மட்டமான ஒரு காரை பவுண்டி சேர்க்க வச்சுக்கறோமான்னு கராஜ்லயே யோசிக்க வச்சது அதுதான். ரைவல்ஸ்ல கராஜுக்கு அந்த வேலை கிடையாது.

ஹீட் கேம் வந்தப்ப திரும்பிட்டாங்கன்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா அதுக்கு முன்னாடி 2015-ல வெறும் நீட் ஃபார் ஸ்பீடுங்கற பேர்ல வந்ததும் பேபேக்கும் பேரைக் கெடுத்துட்டுப் போயிடுச்சு. 2015-ல வந்தது ஆன்லைன் இல்லாம தொடங்கவே தொடங்காது, நடுவுல பாஸ் பண்ண முடியாது, போலீஸை நாமளே தேடிக்கிட்டுப் போகணும். பேபேக்ல (2017) சும்மா சுத்தறப்ப போலீஸே வராது. சில மிஷன்லயும், குறிப்பிட்ட பெட்டியை உடைச்சாலும்தான் வரும்.

பேபேக்கோட ஸ்பீடு கார்டைச் சொல்லாம விட முடியாது. ஒரு காருக்கு ஆறு இடம்: ஹெட், பிளாக், இசியு, டர்போ, எக்சாஸ்ட், கியர்பாக்ஸ். ஒவ்வொண்ணுக்கும் சீட்டு. கடையில வேண்டியது இருக்காது, சரக்கு மாறற வரைக்கும் காத்திருக்கணும். இல்லாட்டி வேண்டாத சீட்டைக் கொடுத்து டோக்கன் வாங்கி, மூணு டோக்கனுக்கு ஒரு தடவை சூதாட்ட மெஷின் மாதிரி சுத்தணும். அண்டர்கிரவுண்ட் 2-ல டர்போ வேணும்னா கடைக்குப் போய் டர்போ வாங்கினோம். இன்ஜினைப் பத்தி ஆசையோட தெரிஞ்சுக்கிட்ட பசங்க கூட்டம் இந்த சீரிஸோட முதுகெலும்பு. அவங்களைத்தான் அந்தச் சீட்டு விரட்டுச்சு. அப்புறம் பேட்ச் போட்டுக் கொஞ்சம் தளர்த்தினாங்க, அதுக்குள்ள எல்லாரும் கிளம்பியாச்சு.

மாயூரம்_எக்ஸ்பிரஸ் | மயிலாடுதுறை

டிசைன் பத்தி நல்லா பேசுறீங்க. சென்டர் நடத்தற கணக்குல பார்த்தா இன்னொண்ணும் இருக்கு. மோஸ்ட் வாண்டட் கேட்டது 1.4 கிகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ரேம், 32 எம்பி கிராபிக்ஸ், 3 ஜிபி இடம். நம்ம பக்கம் பிரவுசிங் சென்டர்ல நின்ன எந்த டப்பாவும் அதை ஓட்டுச்சு. ஒரு பென்டிரைவ்ல போகும். இணையம் வேணாம், அக்கவுன்ட் வேணாம்.

அன்பவுண்ட் (2022) கேக்குறது குறைஞ்சது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 8 ஜிபி ரேம், 50 ஜிபி இடம். 30 எம்பிபிஎஸ் ஃபைபர்ல 50 ஜிபி இறங்க கிட்டத்தட்ட 3 மணி 45 நிமிஷம், அதுவும் வேகம் ஒரே சீரா வந்தா. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி மொபைல் டேட்டாவுல இறக்கினா ஒரு மாசம் தாண்டும். மேல, கேமை வெளியிடற இஏ கம்பெனியோட ஆப்ல லாகின். ஒரு அக்கவுன்ட்ல ஒரு நேரத்துல ஒரு மெஷின்தான், நாலு பிசிக்கு நாலு தடவை வாங்கணும். கிராமத்துப் பையன் கைக்கு எட்டின கேம் எட்டாமப் போனது இப்படித்தான்.

அதோட பழசையும் எடுத்துட்டாங்க. ஆன்லைன்ல மட்டும் ஓடின நீட் ஃபார் ஸ்பீடு வேர்ல்டு 2015 ஜூலையில மூடியாச்சு. 2021 மே கடைசியில கார்பன், அண்டர்கவர், ஷிஃப்ட், ஷிஃப்ட் 2, தி ரன் அஞ்சையும் டிஜிட்டல் கடைலேருந்து எடுத்தாங்க, அதே ஆகஸ்ட்ல சர்வரும் நின்னுச்சு. 2005 மோஸ்ட் வாண்டட் பிசிக்கு இன்னிக்கு எந்த அதிகாரபூர்வ ஆன்லைன் கடையிலயும் கிடையாது. காசு கொடுக்கத் தயாரா நிக்கறவனுக்கு விக்க ஆளில்ல. எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம்.

மதிலழகு | மன்னார்குடி

ரொம்ப நன்றி. முடிவு இது: 1650 மெஷின்ல மட்டும் ஹீட் வாங்கறோம், மத்த மூணுல மோஸ்ட் வாண்டட். ஒரிஜினல் டிவிடி கிடைச்சுது. போட்டா இன்ஸ்டால் ஆகுது, ஐகானைச் சொடுக்கினா ஒண்ணும் வரல. எர்ரர்கூட இல்ல. டிஸ்க் கெட்டதா?

திருவையாறு_அசோகா | திருவையாறு

டிஸ்க் நல்லாத்தான் இருக்கும். அந்த டிவிடியில நகலெடுக்க விடாம தடுக்கற சேஃப்டிஸ்க்னு ஒரு காவல் இருக்கு. அது வேலை செய்ய விண்டோஸ்ல ஒரு டிரைவர் வேணும். பாதுகாப்பு ஓட்டைன்னு மைக்ரோசாஃப்ட் அதை விண்டோஸ் 10-ல சேர்க்கவே இல்ல. விண்டோஸ் 7, 8.1-ல 2015 செப்டம்பர் அப்டேட்ல நிறுத்திட்டாங்க. அதனாலதான் சத்தமில்லாம சாகுது. இதுக்கு சேஃப்டிஸ்க் ஷிம்னு ஒரு திறந்த மூலக் கருவி இருக்கு. அந்தப் பழைய டிரைவருக்குப் பதிலா நின்னு பதில் சொல்லும், டிஸ்க் உள்ளே இருக்கணும். காவல் நீக்கின எக்ஸ்இ-ன்னு பல இடத்துல சுத்துது. கடையா நடத்தறவங்க உரிமைச் சிக்கல்ல மாட்டிக்க வேண்டாம், வைரஸும் அதுலதான் அதிகம். இங்க யாரும் லிங்க் கேக்காதீங்க.

மத்ததை இந்த வரிசையில செய்யுங்க.

சி டிரைவ் புரோகிராம் ஃபைல்ஸ்ல போடாதீங்க. அங்க எழுத அனுமதி கிடைக்காம விண்டோஸ் சில ஃபைலை வேற மறைவான ஃபோல்டருக்குத் திருப்பி விடும். செட்டிங் மாத்தினது நிக்காது, காரணமும் புரியாது. டி டிரைவ்ல கேம்ஸ்னு ஒரு ஃபோல்டர் போட்டு அதுல இன்ஸ்டால் பண்ணுங்க. அடுத்து 1.3 பேட்ச். மூணு மெஷின்லயும் அதே பதிப்பு இருக்கணும், லான்ல (கடைக்குள்ளயே மெஷின்களைக் கேபிள்ல இணைச்சு) விளையாட இது கட்டாயம்.

கேம்ல வைட் ஸ்கிரீனே கிடையாது, 4:3 மட்டும்தான். 1366×768 மானிட்டர்ல காரெல்லாம் சப்பையா தெரியும். அதுக்கு வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸ் இருக்கு. ஒரு டிஎல்எல், ஸ்கிரிப்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர், ரெண்டையும் கேம் எக்ஸ்இ இருக்கற இடத்துலயே போடணும். உள்ள இருக்கற ஐஎன்ஐ ஃபைல்ல ரெசல்யூஷன் ரெண்டும் பூஜ்யமா இருந்தா மானிட்டரோடதைத் தானே எடுத்துக்கும். ஒண்ணு கவனிங்க: இது 1.3 பதிப்போட 5.75 எம்பி எக்ஸ்இ-க்காக எழுதினது. வேற அளவுல இருந்தா ஏறாது, கேம் திறக்காமலும் போகலாம்.

ஐ3 நாலாம் தலைமுறை உள்கிராபிக்ஸுக்கு கேம் கனமே இல்ல. இருந்தாலும் கார் பிரதிபலிப்பு புதுப்பிக்கற வேகத்தை ஒரு படி குறைங்க, அதுதான் அதிகம் தின்னும். ஃபிரேமை மானிட்டர் வேகத்துக்குள்ள நிறுத்தற விசின்க்கை ஆன்ல வைங்க. இல்லேன்னா தேவையில்லாம நூத்துக்கு மேல ஃபிரேம் ஓட்டி, சித்திரை வெயில்ல ஃபேன் கத்தும், யுபிஎஸ்ஸும் சீக்கிரம் இறங்கும்.

மதிலழகு | மன்னார்குடி

ஓடிடுச்சு. ரெண்டு மெஷின்ல நல்லா இருக்கு. மூணாவதுல புரொஃபைல் சேவ் ஆக மாட்டேங்குது, ஒவ்வொரு தடவையும் புதுசா ஆரம்பிக்குது. இன்னொண்ணு, இங்க மும்முனை மின்சாரம் விட்டு மோட்டார் எல்லாம் ஓடற நேரம் வோல்டேஜ் இறங்கி மெஷின் ஆஃப் ஆகுது. அப்ப சேவ் என்ன ஆகும்?

திருவையாறு_அசோகா | திருவையாறு

சேவ் போறது டாக்குமென்ட்ஸுக்குள்ள "NFS Most Wanted" ஃபோல்டருக்கு. விண்டோஸ் செக்யூரிட்டியில ரான்சம்வேர் பாதுகாப்புல "கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்" ஆன்ல இருந்தா தெரியாத எக்ஸ்இ எதையும் டாக்குமென்ட்ஸ்ல எழுத விடாது. அந்த மூணாவது மெஷின்ல அது ஆன்ல இருக்கான்னு முதல்ல பாருங்க. மொத்தமா அணைக்க வேண்டாம், அனுமதி பட்டியல்ல கேம் எக்ஸ்இ-ஐ மட்டும் சேருங்க.

கரண்டு விஷயம் முக்கியம். ரேஸ் முடிஞ்சு சேவ் எழுதற அந்த நொடியில ஆஃப் ஆனா புரொஃபைல் உடையும், அதைச் சரி பண்ண வழியில்ல. பிளாக்லிஸ்ட் 4 வரை வந்த பையன் அழுதுடுவான். பிசிக்கு யுபிஎஸ் இருந்தாலும் மானிட்டரையும் அதுலயே மாட்டுங்க. மானிட்டர் அணைஞ்சா பையன் பதறிப்போய் பவர் பட்டனை அமுக்குவான். அந்த சேவ் ஃபோல்டரை தினம் கடை மூடறப்ப தேதி போட்ட வேற ஃபோல்டருக்கு நகலெடுக்க டாஸ்க் ஷெட்யூலர்ல ஒரு ரோபோகாப்பி (விண்டோஸ்லயே இருக்கற நகலெடுக்கற கட்டளை) வரி போடுங்க. பழைய நகல் மேலேயே எழுதாதீங்க, உடைஞ்ச ஃபைல் நல்லதை அழிச்சிடும். ஏழு நாள் நகல் இருந்தா போதும், இடம் ஒண்ணும் பிடிக்காது.

ஆழித்தேர் | திருவாரூர்

லானுக்கு நான் சேர்க்கறேன். நாலு பேர் வரைக்கும் ஓடலாம். வைஃபை வேண்டாம், சின்ன ஸ்விட்ச் ஒண்ணு, கேட் 5இ கேபிள். ஒவ்வொரு மெஷினுக்கும் நிலையான ஐபி கொடுங்க, ஒரே வரிசையில. முதல் தடவை ஃபயர்வால் கேக்கறப்ப பிரைவேட் நெட்வொர்க்குன்னு அனுமதிங்க. தப்பா ரத்து பண்ணிட்டா அடுத்து கேக்காது, நீங்களே போய்ச் சேர்க்கணும். விபிஎன், விர்ச்சுவல் மெஷின் போட்ட கணினியில போலி நெட்வொர்க் அடாப்டர் இருக்கும். கேம் அதைப் பிடிச்சுக்கிட்டா பக்கத்து மெஷின் தெரியாது, அதை டிசேபிள் பண்ணுங்க. ஒரு மெஷின்ல மட்டும் கார் வேகத்தை மாத்தற மாட் போட்டா ரேஸ் நடுவுல ஒத்திசைவு அறுந்துடும். லான்ல போலீஸ் வராது, பசங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

வெண்ணாற்றங்கரை | தஞ்சாவூர்

நாலாவது மெஷின்ல ஹீட் போட்டதும் ஒரு வேலை செய்யுங்க தம்பி. ஓட்டறப்பவே காரைச் சரி பண்ற லைவ் டியூனிங்ல டிரிஃப்ட் எப்படித் தொடங்கணும்னு கேக்கும். இயல்பா ஆக்சிலேட்டரை விட்டு அமுக்கினா டிரிஃப்ட் ஆகற மாதிரி இருக்கும், மோஸ்ட் வாண்டட்ல பழகினவன் வளைவுல காலைத் தூக்கினதும் கார் பக்கவாட்டுல போயிடும். பிரேக்குக்கு மாத்துங்க. டவுன்ஃபோர்ஸை ஏத்துங்க, டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஆன், ஸ்டியரிங் சென்சிட்டிவிட்டி ஒரு படி மேல. டிரிஃப்ட் சஸ்பென்ஷனும் டயரும் போடாம ரோடு பாகமே வாங்குங்க. இது ஒவ்வொரு காருக்கும் தனியா செய்யணும்.

1650-ல 1080பி நடுத்தர செட்டிங் போதும். ராத்திரி மழை ரோடுல பிரதிபலிப்பைக் குறைச்சா சீரா நிக்கும். ஹீட் தனியா ஆஃப்லைன்லயும் ஓடும், ஆனா முதல் தடவை லாகின் ஆகியிருக்கணும், அதைக் கடை திறக்கறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க.

மதிலழகு | மன்னார்குடி

கன்ட்ரோல்டு ஃபோல்டர்தான் பிரச்சினை, சேவ் ஆகுது இப்ப. ஸ்விட்ச் நாளைக்கு வருது. ஆழித்தேர் அண்ணே, ரைவல்ஸையும் 1650-ல போட்டா 60-ல நிக்குமா?

ஆழித்தேர் | திருவாரூர்

அந்தக் கார்டுக்கு நிக்கும். பிராசசர்தான் பார்க்கணும். துரத்தல்ல ஏழெட்டு கார் சேர்றப்ப 60-க்குக் கீழ இறங்கினா மொத்த கேமும் மெதுவா ஓடும், அப்படி ஆச்சுன்னா கட்டளையை எடுத்துட்டு 30-லயே விடுங்க. பாயின்ட்டை ஹைடவுட்ல போடாம வெளிய வர்ற பசங்களுக்கு மட்டும் முதல்லயே சொல்லிக் கொடுங்க.